எபிரெயர் 9:5-இல் வரும் ‘கேருபீன்’: இந்தக் கிரேக்கச் சொல்லுக்கு என்ன பொருள்?

ஞாயிறுபள்ளி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் தோத்திரம். எங்கள் ஞாயிறுபள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றிய பாடம் நடந்துவருகிறது. உடன்படிக்கைப் பெட்டியின் மேலிருந்த கேருபீன்களைப் பற்றிக் குறிப்பு எழுத உட்கார்ந்தால், கையிலுள்ள விளக்கவுரைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ‘கேருபீன் என்ற கிரேக்கச் சொல்லுக்கு அறிவின் நிறைவு என்று பொருள்’ என்கிறது ஒன்று. ‘ஆசீர்வதிப்பவர்’ என்கிறது மற்றொன்று. மூன்றாவதோ ‘குழந்தையைப் போன்றவர்’ என்று சொல்லி, கன்னம் உப்பிய சிறுவனுக்கு இறக்கை வைத்த படத்தையும் அச்சிட்டிருக்கிறது. எபிரெயர் 9:5-இல் ‘மகிமையுள்ள கேருபீன்கள் வைக்கப்பட்டுக் கிருபாசனத்தை (பெட்டியின் மூடியை) நிழலிட்டிருந்தன’ என்று வாசிக்கிறோம். அந்த இடத்தில் மூலத்திலுள்ள சொல்லுக்குச் சரியான பொருள் எது? இவர்களைத் தேவதூதர் என்று பிள்ளைகளிடம் சொல்வது சரியா? அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுத வேண்டுகிறேன்.

கிரேக்க வாசகன் எழுதியது:

சகோதரி, அது கிரேக்கச் சொல்லே அன்று. எபிரேயச் சொல்லைக் கிரேக்க எழுத்தில் அப்படியே எழுதிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே கிரேக்க மொழிக்குள் அதற்கு வேரும் இல்லை, அகராதிப் பொருளும் இல்லை. ‘மூலத்தில் இந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள்’ என்று தொடங்கும் எந்த விளக்கத்தையும், அது எவ்வளவு பக்தியோடு சொல்லப்பட்டாலும், நின்று விசாரித்துவிட்டே ஏற்க வேண்டும்.

புதிய ஏற்பாடு முழுவதிலும் இச்சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது. அது நீங்கள் குறிப்பிட்ட எபிரெயர் 9:5. எபிரேய வேதத்திலோ 90-க்கும் மேற்பட்ட தடவை வருகிறது. எபிரேயத்தில் ஒருமை ‘கெரூப்’, பன்மை ‘கெரூபிம்’. கி.மு. 3ஆம் நூற்றாண்டு தொடங்கி யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது (இதையே எழுபதின்மர் மொழிபெயர்ப்பு, செப்துவஜிந்து என்றெல்லாம் சொல்கிறோம்), ‘தூதன்’ என்ற சொல்லுக்கு ‘அங்கெலோஸ்’ என்ற கிரேக்கச் சொல் கைகொடுத்தது. கெரூபுக்கு அப்படி ஒரு சொல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்த எதையும் பொருத்தமென்று அவர்கள் கருதவில்லை. எனவே ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கையெழுத்துப் படிகளில் ‘கெரூப்’, ‘கெரூபிம்’, ‘கெரூபின்’, ‘கெரூபெயின்’ என்று பல வடிவங்கள் காணப்படுகின்றன. ‘இம்’ என்பது எபிரேயப் பன்மை விகுதி. ‘இன்’ என்பது அரமேயப் பன்மை விகுதி. அக்காலத்து யூதர்களின் வாயில் அரமேயம் புழங்கியதன் தடம் அந்த ‘ன்’ என்ற ஈற்றெழுத்தில் தங்கிவிட்டது. எபிரெயர் நிருபத்திலும், அதன் இலத்தீன் வுல்காத்தா பெயர்ப்பிலும் இருப்பது இந்த ‘ன்’ வடிவந்தான்.

நம் பழைய திருப்புதலில் (சபைகளில் வழங்கும் பழைய தமிழ் வேத மொழிபெயர்ப்பில்) உள்ள ‘கேருபீன்கள்’ என்பதில் ஏற்கெனவே பன்மையாக இருக்கும் சொல்லின் மேல் தமிழ் ‘கள்’ விகுதி ஏறியிருக்கிறது. இதைக் குறையென்று சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தின் ஜேம்ஸ் அரசர் பெயர்ப்பும் ‘செரூபிம்ஸ்’ என்று இதையே செய்தது. ஆனால் ஒருமை வரும் இடங்களில் இது சற்று இடறுகிறது. சங்கீதம் 18:10-இல் ‘கேருபீன்மேல் ஏறி வேகமாய்ச் சென்றார்’ என்றும், எசேக்கியேல் 28:14-இல் ‘அபிஷேகம்பண்ணப்பட்ட கேருப்’ என்றும் பழைய திருப்புதலே இருவிதமாக எழுதுகிறது. கத்தோலிக்கரின் திருவிவிலியம் ‘கெருபு, கெருபுகள்’ என்று ஒருமையிலிருந்து தொடங்கியதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

மாதாகோவில் தெரு எழுதியது:

‘அறிவின் நிறைவு’ என்ற விளக்கத்தை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. அது யாரோ ஒரு நவீனப் பிரசங்கியார் புனைந்ததன்று. கி.பி. 500-ஐ ஒட்டி தியோனீசியுவின் பெயரால் எழுதப்பட்ட ‘விண்ணகப் படிநிலை’ என்ற கிரேக்க நூல், வானதூதர்களை ஒன்பது அணிகளாகப் பிரித்து, சேராபீன், கெருபின், அரியணைகள் என்ற மூன்றையும் இறைவனுக்கு மிக அருகிலுள்ள முதல் வரிசையில் வைக்கிறது. சேராபீன் என்றால் எரிபவர் என்றும், கெருபின் என்றால் அறிவின் நிறைவு, ஞானத்தின் பொழிவு என்றும் அந்நூல் விளக்குகிறது. புனித எரோணிமுஸ், புனித அகுஸ்தீன், திருத்தந்தை பெரிய கிரகோரி ஆகிய எல்லோரிடத்திலும் இதே விளக்கத்தைக் காணலாம். புனித தோமா அக்குவினாஸ் இதன்மீது ஒரு நுட்பமான வாதத்தையே கட்டுகிறார்: அறிவும் பாவமும் ஓர் உயிரிடத்தில் சேர்ந்திருக்கக்கூடும், அன்பின் தணலும் சாவான பாவமும் சேர்ந்திருக்க முடியாது, எனவேதான் பாவம் செய்த முதல் தூதன் எசேக்கியேலில் சேராபீன் என்று அழைக்கப்படாமல் கெருபு என்று அழைக்கப்படுகிறான் என்கிறார். ஆயிரத்தைந்நூறு ஆண்டு வழிபாட்டிலும் இறையியலிலும் ஊறிப்போன ஒரு பொருளை, அகராதியில் இல்லை என்ற காரணத்தால் மட்டும் பொருளே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? மேலும் எசேக்கியேல் 10:12 கெருபுகளின் உடல் முழுவதும் கண்கள் நிறைந்திருந்ததாகச் சொல்கிறது. அதை அறிவின் அடையாளமாகக் கொள்வது இயல்புதானே?

கிரேக்க வாசகன் எழுதியது:

நல்ல மறுப்பு, ஐயா. சொல்லின் பொருள் வேறு, சொல்லைக் கொண்டு பின்வந்தோர் செய்த தியானம் வேறு என்பதே நான் சொல்ல வந்தது. தியானத்தின் மதிப்பை நான் குறைக்கவில்லை. அதை எபிரெயர் நிருபத்தின் ஆசிரியர் தலையில் கட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இந்த விளக்கத்தின் ஊற்று எது என்று தேடிப் போனால், தியோனீசியுவுக்கு நானூறு ஆண்டுக்கும் மேல் முந்திய ஒரு யூதரிடம் போய் நிற்போம். இயேசுவின் காலத்திலேயே அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோ, மோசேயின் வாழ்க்கையைப் பற்றிய நூலில், கெரூபிம் என்பதைக் கிரேக்கர் தம் மொழியில் சொன்னால் ‘எபிக்னோசிஸ், மிகுந்த எபிஸ்தேமே’, அதாவது தெளிந்த உணர்வும் மிகுந்த அறிவும், என்று ஆகும் என எழுதுகிறார். எபிரேயத்தில் அறிந்துகொள்ளுதலைக் குறிக்கும் ஒரு வினையையும், மிகுதியைக் குறிக்கும் ‘ரோப்’ என்ற சொல்லையும் ஒட்டிப் பிரித்ததால் இப்பொருள் பிறந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதே பிலோ, ஏதேனின் வாசலில் நின்ற கேருபீன்களைப் பற்றித் தனியே எழுதிய நூலில், அவை வானத்தின் இரு பாதிக் கோளங்கள் என்று ஒரு விளக்கமும், கடவுளின் நன்மை, அதிகாரம் என்னும் இரு வல்லமைகள் என்று இன்னொரு விளக்கமும் தருகிறார். சுழலும் சுடரொளிப் பட்டயம் அவ்விரண்டையும் இணைக்கும் ‘லோகோஸ்’, அதாவது வார்த்தை, என்கிறார். ஆக, அவருக்கே இது பல விளக்கங்களுள் ஒன்று. அவருக்குப் பின் அதே நகரத்தில் எழுதிய கிளமெந்து அதை எடுத்தாண்டார், திருச்சபைத் தந்தையர் அவரைப் பின்பற்றினர்.

‘குழந்தையைப் போன்றவர்’ என்பதும் இத்தகைய சொற்பிரிப்பே. யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதில் ரபி அபாகு சொன்னதாக வருகிறது: பாபிலோனில் குழந்தையை ‘ரவியா’ என்பார்கள், ‘கெ’ என்றால் ‘போல’, எனவே கெரூப் என்பது குழந்தை போன்றது. அந்த இடத்திலேயே ஒரு மறுப்பும் பதிவாகியிருப்பதுதான் சுவை. எசேக்கியேல் 10:14-இல் ஒரு முகம் கேருபின் முகம், இன்னொன்று மனித முகம் என்று வருகிறதே, கேருப் மனிதக் குழந்தையானால் இரண்டும் ஒன்றாகிவிடாதா என்று கேள்வி எழுகிறது. ஒன்று பெரிய முகம், மற்றது சிறிய முகம் என்று விடை சொல்லிச் சமாளிக்கிறார்கள். உங்கள் விளக்கவுரையில் அச்சான சிறுவனுக்கும் இந்த ரபிக்கும் நேர்த்தொடர்பு கிடையாது. இறக்கை முளைத்த அந்தக் கொழுகொழுச் சிறுவர்கள் பழைய உரோமர்களின் காதல் தெய்வச் சிறுவர்களை இத்தாலியக் கலைஞர்கள் 15ஆம் நூற்றாண்டில் மீட்டெடுத்ததால் தேவாலயங்களுக்குள் வந்தவர்கள். இரஃபாயேல் ஏறத்தாழ 1512-இல் தீட்டிய சிஸ்டைன் மாதா ஓவியத்தின் அடியில் முழங்கை ஊன்றிக்கொண்டிருக்கும் இருவரே இன்று வாழ்த்தட்டை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். சுடரொளிப் பட்டயத்தோடு வாசலைக் காக்கும் வேலைக்கு அவர்களை யார் நியமிப்பார்கள்?

கல்லும் உளியும் எழுதியது:

‘ஆசீர்வதிப்பவர்’ என்ற எஞ்சிய பொருளைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. மூன்றில் ஓரளவேனும் மொழியியல் ஆதாரம் உள்ளது அதுதான். பழைய பாபிலோனியரும் அசீரியரும் பேசிய அக்காத் மொழியில் ‘கராபு’ என்ற வினைக்கு வாழ்த்துதல், வேண்டுதல் என்று பொருள். அதிலிருந்து வந்த ‘காரிபு’, ‘குரீபு’ என்ற பெயர்கள் காவல் உருவங்களைக் குறிக்க ஆளப்பட்டன. அசீரிய அரசன் எசரத்தோனின் கி.மு. 7ஆம் நூற்றாண்டுச் சாசனங்களில் கோவிலில் நிறுவப்பட்ட குரீபு உருவங்கள் குறிப்பிடப்படுகின்றன. கெரூப் என்ற எபிரேயச் சொல் இதோடு உறவுடையது என்று இன்று பலர் ஏற்கிறார்கள். எபிரேயத்திலேயே ஆசீர்வதித்தலைக் குறிக்கும் வேர் ‘ப-ர-க்’, இதுவோ ‘க-ர-ப்’. கிரேக்கர்களின் ‘க்ரூப்ஸ்’ என்னும் கழுகுத்தலைச் சிங்கத்தோடு இச்சொல்லை முடிச்சுப்போட்டவர்களும் உண்டு; ஒலி ஒற்றுமைக்கு மேல் அதற்கு வலு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் பெயரின் வேரைவிடக் கல்லிலும் தந்தத்திலும் கிடைத்த சான்றுகளே அதிகம் பேசுகின்றன. லெபனானின் பிப்லோஸ் நகரில் 1923-இல் கண்டெடுக்கப்பட்ட அகீராம் அரசனின் கற்பேழையில் (சாலொமோனுக்கு மிக அணுக்கமான காலத்தது என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது) அரசன் ஓர் அரியணையில் அமர்ந்திருக்கிறான். அதன் பக்கவாட்டில் மனிதத் தலையும் சிங்க உடலும் விரிந்த இறக்கையும் கொண்ட உருவம் நிற்கிறது. அரியணையின் கைப்பிடியே அந்த உருவத்தின் இறக்கைதான். மெகிதோவில் கிடைத்த தந்தச் செதுக்கு வேலைப்பாட்டிலும் இதே வகை அரியணை உண்டு. இவற்றைக் காட்டித்தான் தொல்லியல் அறிஞர் வில்லியம் ஆல்பிரைட் 1938-இல் கேருபீன் என்பது இறக்கையுள்ள சிங்க உடல் உருவமே என்று வாதிட்டார். கானான், பெனிக்கே நாட்டார் எல்லோரும் பார்த்துப் பழகிய உருவம் அது. சாலொமோனின் ஆலயத்தைக் கட்ட மரமும் கைவினைஞரும் பெனிக்கே நாட்டின் தீருவிலிருந்து வந்ததாக வேதமே சொல்கிறது.

1 இராஜாக்கள் 6-ஐ இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். ஒலிவ மரத்தால் செய்து பொன்தகட்டால் மூடிய இரண்டு கேருபீன்கள். ஒவ்வொன்றின் உயரமும் பத்து முழம். ஒவ்வோர் இறக்கையும் ஐந்து முழம். இரண்டும் அருகருகே நிற்க, வெளி இறக்கைகள் இருபக்கச் சுவர்களையும் தொடுகின்றன, உள் இறக்கைகள் நடு அறையில் ஒன்றையொன்று தொடுகின்றன. ஆக மொத்தம் இருபது முழம். அறையின் அகலமும் அதுவே. ஏறக்குறைய பதினைந்தடி உயரத்தில் நின்ற இவை, பெட்டியின் மூடிமேல் ஒன்றையொன்று நோக்கி இருந்த யாத்திராகமத்துச் சிறு பொன் உருவங்களிலிருந்து வேறானவை. அரசன் அமர வேண்டிய இடத்தில் எந்த உருவமும் இல்லாத வெற்றிடம். அதன் அடியில் பெட்டி. சுற்றியிருந்த நாடுகளின் கோவில்களிலிருந்து எருசலேம் விலகி நின்றது அங்கேதான்.

சத்திய வசனம் எழுதியது:

மன்னிக்க வேண்டும், எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. புறஜாதியாரின் சிங்க விக்கிரகத்தையா கர்த்தர் தம்முடைய மகா பரிசுத்த ஸ்தலத்தில் வைக்கச் சொன்னார்? மலையிலே காண்பிக்கப்பட்ட மாதிரியின்படி செய்ய எச்சரிக்கையாயிரு என்றல்லவா மோசேக்குக் கட்டளை?

கல்லும் உளியும் எழுதியது:

விக்கிரகம் என்று நான் எழுதவில்லை, சகோதரரே. அகீராமின் அரியணையில் நிற்கும் அந்த உருவத்தை யாரும் வணங்கவில்லை. அது அரியணையைச் சுமந்தும் காத்தும் நிற்கும் சேவக உருவம். எருசலேமிலும் கேருபீன்களுக்கு யாரும் பலியிடவில்லை. காண்பவர் கண்ணுக்குப் பழகிய ஒரு வடிவத்தின் வழியாக ‘இங்கே ஒருவர் ஆளுகிறார்’ என்று சொல்லப்பட்டது என்பதற்கு மேல் என் கூற்றில் எதுவும் இல்லை. அந்த மாதிரி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில் நாம் வேறுபடலாம். உருவம் எப்படி இருந்தது என்பதற்கு முடிந்த முடிவாக எவரும் சாட்சி சொல்ல முடியாது என்பதும் உண்மை. முதலாம் நூற்றாண்டில் ஆசாரியக் குடும்பத்தில் பிறந்த யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸே, கேருபீன்கள் எத்தகையவை என்று எவராலும் சொல்லவோ ஊகிக்கவோ முடியாது என்று எழுதியிருக்கிறார்.

இலக்கண வாத்தியார் எழுதியது:

வேத ஆராய்ச்சியில் எனக்குத் தேர்ச்சி இல்லை. தமிழ் இலக்கணம் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். ஆசிரியை மேற்கோள் காட்டிய வசனத்தில் கேருபீன்கள் ‘நிழலிட்டிருந்தன’ என்று அஃறிணையில் முடிகிறது. எசேக்கியேலிலும் ‘கேருபீன்கள் மேலே எழும்பின’ என்றே இருக்கிறது. ஆனால் ஏசாயா 6-இல் ‘சேராபீன்கள் அவருக்கு மேலாக நின்றார்கள்; அவர்களில் ஒவ்வொருவனுக்கும் அவ்வாறு செட்டைகளிருந்தன’ என்று உயர்திணை, அதிலும் ஆண்பால். தேவரையும் மக்களையும் உயர்திணையில் வைப்பது நம் மரபு. ஒரே வானத்து வாசிகளுள் ஓர் இனத்தாரை உயர்திணையிலும் மற்றோர் இனத்தாரை அஃறிணையிலும் வைத்தவர்கள் கைதவறியா வைத்திருப்பார்கள்? மூலத்தில் இப்படி ஏதேனும் வேறுபாடு உண்டா?

கிரேக்க வாசகன் எழுதியது:

ஐயா, இவ்விழையின் மிகச் சிறந்த கேள்வி இதுதான். ஆசிரியை கேட்ட ‘தூதரா’ என்ற கேள்விக்கும் இதன் வழியாகவே விடை காண முடியும்.

எபிரேயத்தில் இரண்டு சொற்களும் ஆண்பால். அம்மொழியில் மேசைக்கும் கூட ஆண்பால் உண்டு என்பதால் அதைக்கொண்டு எதையும் முடிவுகட்ட இயலாது. கிரேக்கத்தில் ஆண்பால், பெண்பால், அலிப்பால் என மூன்று உண்டு. வெறும் ஒலிபெயர்ப்பாக வந்த ஒரு சொல்லுக்கு எந்தப் பாலைக் கொடுப்பது என்று பெயர்ப்பாளர்கள் தாங்களே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அவர்கள் தடுமாறியதை யாத்திராகமம் 25-இல் அடுத்தடுத்த வசனங்களிலேயே பார்க்கலாம். 18ஆம் வசனத்தில் ‘பொன்னாலான இரண்டு கெரூபிம்’ என்னும்போது பெயரடை அலிப்பாலில் நிற்கிறது. 20ஆம் வசனத்தில் அவை இறக்கையை விரித்து நிழலிடும்போது சார்புச் சொல்லும் வினையெச்சமும் ஆண்பாலுக்கு மாறிவிடுகின்றன. உலோக வேலையாகச் சொல்லும்போது பொருள், செயல்படுவதாகச் சொல்லும்போது ஆள் என்ற உணர்வு அங்கே ஓடுவதாக எனக்குப் படுகிறது. வேறு கையெழுத்தின் குறுக்கீடு என்று சொல்வோரும் இருக்கலாம். ஆதியாகமம் 3:24-இல் ஏதேனைக் காக்கும் கெரூபிமுக்கும், எசேக்கியேல் 10 முழுவதற்கும் அலிப்பாலே வருகிறது. எபிரெயர் 9:5-இல் ‘நிழலிடுகிற’ என்ற எச்சமும் அலிப்பால். எனவே நம்மவர்களின் ‘நிழலிட்டிருந்தன’ கிரேக்கத்துக்கு மிக நேர்மையான தமிழ்.

சேராபீன் வகையில் நிலைமை வேறு. ஏசாயா 6:6-இன் கிரேக்கத்தில் ‘சேராபீன்களுள் ஒன்று’ என்று அலிப்பாலே இருக்கிறது; பழைய திருப்புதலோ ‘சேராபீன்களில் ஒருவன்’ என்கிறது. பழைய ஏற்பாடு எபிரேயத்திலிருந்து பெயர்க்கப்பட்டது என்பதால் கிரேக்கத்தைப் பின்பற்ற அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. ஏசாயாவின் சேராபீன்கள் ஒருவரையொருவர் நோக்கிக் கூப்பிட்டு ‘பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்’ என்று பாடுகிறார்கள். ஒருவன் குறட்டால் தழலை எடுத்துவந்து தீர்க்கதரிசியிடம் பேசுகிறான். பழைய ஏற்பாட்டின் கேருபீன்களோ எங்கும் ஒரு வார்த்தை கூடப் பேசுவதில்லை. காக்கின்றன, சுமக்கின்றன, நிழலிடுகின்றன, நகர்கின்றன. பேசுவோரை உயர்திணையிலும் பேசாதவற்றை அஃறிணையிலும் வைத்த மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ்க் காது இருந்திருக்கிறது.

இதிலிருந்தே தூதர் பற்றிய விடையும் வருகிறது. ‘அங்கெலோஸ்’ என்பது ஒரு வேலையின் பெயர்: செய்தி கொண்டுவருபவர். ஆபிரகாமின் கூடாரத்துக்கும் மரியாளின் வீட்டுக்கும் வருபவர்கள் அவர்களே. அவர்களுக்கு இறக்கை இருந்ததாக வேதம் ஓரிடத்திலும் வருணிக்கவில்லை. பார்த்தவர்கள் பலமுறை மனிதர் என்றே நினைத்திருக்கிறார்கள். வெளிப்படுத்தல் 14:6-இல் ஒரு தூதன் வானத்தின் மத்தியில் பறக்கிறான், அங்கும் செட்டை என்ற சொல் இல்லை. கேருபீனுக்கு இறக்கை உண்டு, ஆனால் அது செய்தி எதையும் கொண்டுவருவதில்லை. இரண்டையும் ஒரே ஏணியின் படிகளாக அடுக்கியது பின்வந்த மரபு. மாதாகோவில் தெரு அவர்கள் சொன்ன ஒன்பது அணிகள் அந்த மரபின் முதிர்ந்த வடிவம். அந்த மரபில் நின்று ‘வானதூதர்’ என்று சொல்வது பிழையாகாது. வசனத்தின் சொல்லாட்சியில் மட்டும் நின்றால் ‘காவல் செய்யும், சிங்காசனத்தைச் சுமக்கும் பரலோக ஜீவன்கள்’ என்றுதான் சொல்ல முடியும்.

மாதாகோவில் தெரு எழுதியது:

சேராபீனுக்கு ‘எரிபவர்’ என்று பொருள் சொல்வதையாவது ஏற்றுக்கொள்வீர்களா?

கிரேக்க வாசகன் எழுதியது:

முழுமையாக ஏற்கிறேன், ஐயா. ‘சாரப்’ என்ற எபிரேய வினைக்கு எரித்தல் என்றே பொருள். ஆனால் அதே சொல் எண்ணாகமம் 21-இல் பாம்புகளுக்கும் வருகிறது. ‘கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள்’ என்று நாம் வாசிப்பவை மூலத்தில் ‘சேராபிம்’ தான். ஏசாயாவின் நூலிலேயே பறக்கும் சாராப் இரண்டு இடங்களில் வருகிறது. கி.மு. 8ஆம் நூற்றாண்டு யூதாவின் முத்திரைகளில் நான்கு இறக்கையோடு படமெடுத்து நிற்கும் நாகம் பொறிக்கப்பட்டிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஏசாயாவின் முதல் வாசகர்கள் மனத்தில் எந்த உருவம் எழுந்திருக்கும் என்பது விளங்கும். கிரேக்கப் பெயர்ப்பு இந்தத் தொடர்பை அறுத்துவிட்டது: எண்ணாகமத்தில் ‘கொல்லும் பாம்புகள்’ என்று மொழிபெயர்த்து, ஏசாயா 6-இல் மட்டும் ‘சேராபின்’ என்று ஒலிபெயர்த்தது. கிரேக்கத்தில் மட்டுமே வாசித்த ஒருவருக்கு இரண்டும் ஒரே சொல் என்று தெரிய வழியே இல்லை.

சத்திய வசனம் எழுதியது:

எசேக்கியேல் 28-ஐ மாதாகோவில் தெரு அவர்கள் குறிப்பிட்டார்கள். ‘நீ காப்பாற்றுகிறதற்காக அபிஷேகம்பண்ணப்பட்ட கேருப்’ என்ற வசனத்தை வைத்துச் சாத்தான் முன்பு கேருபீனாக இருந்தான் என்று எங்கள் சபையில் உறுதியாகப் போதிக்கப்படுகிறது. கிரேக்கம் இதை ஆதரிக்கிறதா?

கிரேக்க வாசகன் எழுதியது:

கிரேக்கம் வேறொன்று சொல்கிறது, சகோதரரே. அந்தப் புலம்பல் தீருவின் அரசனை நோக்கிப் பாடப்படுவது என்பதை முதலில் நினைவில் கொள்வோம். எபிரேயத்தை இன்றுள்ள உயிர்க்குறிகளோடு வாசித்தால் 14ஆம் வசனம் ‘நீ கேருப்’ என்று விளிக்கிறது. 16ஆம் வசனம் கேருபையே அழிப்பதாகச் சொல்கிறது. எழுபதின்மர் பெயர்ப்பில் 14ஆம் வசனம் ‘கேருபோடு உன்னை வைத்தேன்’ என்றும், 16ஆம் வசனம் கேருபே அவனை நெருப்புக் கற்களின் நடுவிலிருந்து வெளியே கொண்டுபோனதாகவும் இருக்கிறது. ஒன்றில் கேருப் விழுந்தவன். மற்றொன்றில் கேருப் விழுந்தவனை வெளியேற்றுவது, ஏதேனின் காவலைப் போலவே. ஒரு சிறு எபிரேயச் சொல்லை ‘நீ’ என்று வாசிப்பதா, ‘உடன்’ என்று வாசிப்பதா என்பதில்தான் இவ்வளவு வேறுபாடும் பிறக்கிறது. மெய்யெழுத்துகள் இரண்டுக்கும் ஒன்றே. அக்குவினாஸின் அழகான வாதமும் எபிரேய வாசிப்பின் மேல் நிற்பதே. எது மூல வாசிப்பு என்பதில் இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. எனவே இவ்வொரு வசனத்தின்மேல் பெரிய உபதேசத்தைக் கட்ட எனக்குத் துணிவில்லை.

ஞாயிறுபள்ளி ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மூன்று விளக்கங்களின் பிறப்பிடமும் தெரிந்துவிட்டது. இன்னும் ஒன்று எஞ்சுகிறது. எபிரெயர் 9:5-இல் ‘மகிமையுள்ள’ என்று அடைமொழி ஏன் வருகிறது? யாத்திராகமத்தில் அப்படி இல்லையே. வெளிப்படுத்தலில் சிங்காசனத்தைச் சுற்றியுள்ள நான்கு ஜீவன்களும் இவைகளே என்று சொல்லலாமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

கிரேக்க வாசகன் எழுதியது:

கிரேக்கத்தில் அது அடைமொழியாக இல்லை. ‘மகிமையின் கெரூபீன்’ என்று ஆறாம் வேற்றுமையில் இருக்கிறது. அதை ‘மகிமை பொருந்திய கேருபீன்கள்’ என்று எடுப்பது ஒரு வழி. பழைய திருப்புதல் எடுத்தது அதுவே. ‘அந்த மகிமைக்கு உரிய கேருபீன்கள்’ என்று எடுப்பது இன்னொரு வழி. இரண்டாவதே ஆசிரியரின் கருத்து என்று நினைக்கிறேன். வேதத்தில் ‘மகிமை’ என்பது பல இடங்களில் கடவுளின் சந்நிதிக்கே பெயராக நிற்கிறது. எசேக்கியேல் 10:18-இல் கர்த்தருடைய மகிமை ஆலயத்தின் வாசற்படியை விட்டுப் புறப்பட்டுக் கேருபீன்களின்மேல் நிற்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் சீராக்கின் ஞானமும் (49:8) எசேக்கியேல் கண்டதை, கேருபுகளின் தேர்மேல் காட்டப்பட்ட மகிமையின் காட்சி என்று குறிக்கிறது. கேருபீன் தன்னளவில் மகிமையுள்ளது என்பதைவிட, மகிமை எங்கே அமர்ந்திருக்கிறதோ அந்த இடத்தைக் காட்டுவது என்பதே இவ்விடங்களில் எல்லாம் பொருந்துகிறது. சங்கீதம் 80:1-ஐயும் இங்கே ஒப்பிடலாம். எபிரேயத்தில் ‘கேருபீன்கள் வீற்றிருப்பவர்’ என்று இடச்சொல் இல்லாமல் இருக்கிறது. கிரேக்கம் ‘மேல்’ என்று நிரப்பியது. பழைய திருப்புதல், யாத்திராகமம் 25:22-ஐ மனத்தில் கொண்டு போலும், ‘கேருபீன்கள் மத்தியில் வாசம்பண்ணுகிறவரே’ என்று நிரப்பியது. அரியணை என்ற எண்ணத்துக்கு ‘மேல்’ நெருக்கமானது.

வெளிப்படுத்தல் 4-இன் ஜீவன்களுக்கு யோவான் கெரூபீன் என்ற சொல்லை ஆளவில்லை. ‘ட்சோஆ’, அதாவது உயிருள்ளவை, என்கிறார். எசேக்கியேல் முதல் அதிகாரத்தில் தன் காட்சிக்கு இட்ட பெயரும் அதுதான். பத்தாம் அதிகாரத்தில்தான் ‘அவைகள் கேருபீன்கள் என்று அறிந்துகொண்டேன்’ என்கிறார். யோவானின் ஜீவன்களில் சிங்கம், காளை, மனிதன், கழுகு என்ற நான்கு முகச் சாயல்களும் கண்களும் எசேக்கியேலின் கேருபீனிலிருந்து வருகின்றன. ஆறு செட்டைகளும் ‘பரிசுத்தர்’ பாடலும் ஏசாயாவின் சேராபீனிலிருந்து வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம் என்றிருந்ததும் ஆளுக்கொரு முகமாகப் பிரிந்துவிட்டது. எனவே ‘இவைகளே’ என்று சொல்ல மாட்டேன். இரண்டு தீர்க்கதரிசிகளின் காட்சியும் யோவானிடத்தில் ஒன்றாய்க் கலந்தன என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். பல தேவாலயங்களில் சுவிசேஷகர் நால்வருக்கும் மனிதன், சிங்கம், காளை, கழுகு என்று அடையாளம் வரைந்திருப்பார்களே, அதன் தொடக்கமும் இங்கேதான், கி.பி. 180 அளவில் திருச்சபைத் தந்தை இரேனியு, கேருபீனின் நான்கு முகங்களையும் நான்கு சுவிசேஷங்களையும் இணைத்து எழுதினார்.

பாடக் குறிப்புக்கு ஒரு யோசனை: சொற்பொருள் என்ற தலைப்பையே எடுத்துவிட்டு, ஏதேனின் வாசல், பெட்டியின் மூடி, சாலொமோனின் உள்ளறை, எசேக்கியேலின் தேர் என்ற நான்கு இடங்களிலும் கேருபீன்கள் என்ன செய்கின்றன என்று பிள்ளைகளையே வாசித்து எழுதச் சொல்லுங்கள். எபிரெயர் நிருபம் எழுதப்பட்ட காலத்து ஆலயத்தில் பெட்டியும் இல்லை, கேருபீன்களும் இல்லை; மகா பரிசுத்த ஸ்தலம் வெறுமையாகவே இருந்தது என்று ஜோசிபஸ் பதிவுசெய்திருக்கிறார். அந்நிருபத்தின் ஆசிரியரும் நம்மைப் போலவே வேதத்தின் பக்கங்களிலிருந்துதான் அவைகளை அறிந்திருந்தார்; அதே வசனத்தில், இவைகளைக் குறித்து விவரமாய் இப்பொழுது சொல்ல வேண்டுவதில்லை என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்.

இலக்கண வாத்தியார் எழுதியது:

பிள்ளைகளுக்கு எழுதும்போது ‘கேருபீன்’ என்பதை ஒருமைக்கும் ‘கேருபீன்கள்’ என்பதைப் பன்மைக்கும் வைத்துக்கொண்டு, வினைமுற்றை அஃறிணையிலேயே முடிக்கலாம், அம்மா. பிள்ளைகளின் கையிலிருக்கும் வேதத்தில் உள்ள வடிவம் அதுவாகையால், அதைத் திருத்த முற்பட வேண்டியதில்லை.